ஊமைத்துரையின் உள்ளங்கை

கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையை என் தங்கச்சி மகள் வரைந்த படத்தை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வரையச் சொன்னது ஒரு பள்ளிக்கூடம். சுதந்திரப் போராட்ட வீரர்கள் வரிசையில் மாட்டுவதற்காகக் கேட்டிருந்தார்கள். படத்தைப் பிரித்து நிறுத்தியதும் அவர்கள் கேட்ட ஒரே கேள்வி, “மூஞ்சி எங்கம்மா?” கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கவில்லை. படம் இப்போது சமாதானபுரத்தில் என் கடையில் இருக்கிறது. கடைக்கு வருகிறவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். நின்றுகொண்டே இரண்டு வார்த்தையில் சொல்லக்கூடிய பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் போர்டு எழுதுகிறவன். பிளக்ஸ் வருவதற்கு முன்னால் பாளையங்கோட்டையில் கடை போர்டு, கட்சிச் சுவர், கோயில் கொடை பேனர் என்று நாள் முழுக்க எனாமல் வாசனையிலேயே கிடந்தவன். கட்டபொம்மனை எத்தனை சுவரில் எழுதியிருப்பேன் என்று கணக்கு இல்லை. சுவரில் வெள்ளை அடித்து, நீலத்தூள் தடவிய நூலைப் பிடித்துத் தட்டிக் கட்டம் போடுவோம். கையில் இருக்கும் மாதிரிப் படத்திலும் பென்சிலால் அதே கட்டம். பிறகு ஒவ்வொரு கட்டமாகச் சுவருக்கு ஏற்றுவது. தலைப்பாகை, மீசை, மார்பில் முத்துமாலை, இடுப்பில் வாள். கண் மட்டும் கடைசியில். கண்ணைத் திறந்த பிறகுதான் சாரத்தை விட்டு இறங்குவோம். கண் திறக்காத படத்தைக் கொடுத்துக் காசு வாங்கக் கூடாது என்பது எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் வைத்த சட்டம்.

அவர் கோவில்பட்டியில் வேலை பழகியவர். கோவில்பட்டி என்றால் படம் எழுதுகிறவர்களுக்குக் கொண்டையராஜுதான். நாடகக் கம்பெனியோடு சீன் எழுத வந்து அந்த ஊரிலேயே தங்கிவிட்டவர். அவரும் அவருடைய சிஷ்யர்களும் எழுதிய சாமி படங்கள் சிவகாசியில் காலண்டராக அச்சாகி வீடு வீடாகப் போயின. முருகனுக்கும் லட்சுமிக்கும் அவர்கள் வைத்த கன்னத்து மினுமினுப்பை அடுத்த தலைமுறையில் நாங்கள் வீரர்களுக்கும் வைத்தோம். 

கட்டபொம்மனுக்கு மாதிரிப் படம் எது என்று நான் சொல்லாமலே தெரிந்திருக்கும். 1959இல் வந்த சினிமாவில் சிவாஜி நின்ற நிலை. கயத்தாற்றில், தூக்கிலிட்ட இடத்தில், 1970இல் சிலை வைத்தவரும் சிவாஜிதான். அந்த முகம் அப்படியே ஊன்றிவிட்டது. புலித்தேவனை எழுதச் சொன்னாலும் அதே முகம்தான், ஊமைத்துரைக்கும் அதே முகம்தான். தலைப்பாகைத் துணியின் நிறம் மாறும், கீழே பெயர் மாறும். இதைத் தப்பென்று நான் சொல்லமாட்டேன். மாலை போட ஊருக்கு ஒரு முகம் வேண்டும். ஓட்டப்பிடாரம் பக்கத்தில் கொடைக்கும் விழாவுக்கும் எழுதிய முகங்கள் அத்தனையும் மனசாரத்தான் எழுதினேன், மனசாரத்தான் அவர்களும் கும்பிட்டார்கள்.

ஆனால் ஊமைத்துரையின் விஷயம் வேறு. அவரைப் பற்றி, நேரில் பார்த்த ஒருவன் எழுதி வைத்திருக்கிறான். அதுவும் எதிரியின் பட்டாளத்தில் இருந்தவன். ஜேம்ஸ் வெல்ஷ். 1801இல் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை முற்றுகையிட்ட கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. 1830இல் அவனுடைய நினைவுக் குறிப்புகள் லண்டனில் அச்சாயின. பிஷப் கால்டுவெல் எழுதி 1881இல் வந்த திருநெல்வேலிச் சரித்திரத்திலும் அந்தப் பகுதி இருக்கிறது. அவன் எழுதியதன் சாரம் இது: ஊமைத்துரை உயரமானவர், ஒல்லியானவர், பார்த்தால் நோயாளி போல இருப்பார். காது கேட்காது, பேச்சு வராது. ஆனால் அவர் காட்டும் சின்னச் சைகைகூட அந்தச் சீமைக்குத் தெய்வ வாக்கு.

நோயாளி போல என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் எழுதிய படங்களைப் பாருங்கள். தோள் இரண்டும் பனைமரம் மாதிரி.

அடுத்து வெல்ஷ் சொல்வதுதான் என் தங்கச்சி மகளைப் பிடித்துக்கொண்டது. யோசனை செய்ய உட்கார்ந்தால் ஊமைத்துரை தரையில் கிடக்கும் சில துரும்புகளைப் பொறுக்குவாராம். இடது உள்ளங்கையில் அவற்றை அடுக்கி வைப்பார். அதுதான் இங்கிலீஷ்காரன் படை. எத்தனை பேர், எந்த நேரம் என்பதற்கு வேறு வேறு சைகைகள். பிறகு வலது கையைக் குறுக்கே கொண்டுவந்து, வாயால் ‘உஷ்’ என்று காற்று சீறுகிற மாதிரி ஒரு சத்தம் எழுப்பி, அத்தனை துரும்பையும் ஒரே வீச்சில் தட்டிவிடுவார். புறப்படு என்று அர்த்தம். புறப்பட்ட படையில் முன்னால் நிற்பவரும் அவரேதான்.

இதைப் படித்துவிட்டுத்தான் அவள் வரைய உட்கார்ந்தாள். கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்தவள். நவீன ஓவியம் என்று சொல்லி அவள் கொண்டுவரும் எல்லாமே எனக்குப் பிடிப்பதில்லை, அதை அவளிடமே சொல்லியிருக்கிறேன். இந்தப் படம் முடிந்த அன்று போய்ப் பார்த்தேன். நானும் அதே கேள்வியைத்தான் கேட்டேன்.

“ஏளா, மூஞ்சி எங்க?”

“மாமா, மூஞ்சிய யாரு பாத்தா? கையப் பாத்து ஒருத்தன் எழுதி வச்சிருக்கான்லா. தெரிஞ்சத வரையாம தெரியாதத எதுக்கு வரையணும்ங்கிய?”

படம் நாலடி உயரம், மூன்றடி அகலம். அடித்தளம் கருப்பு. டப்பாவில் வரும் கருப்பு இல்லை. பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்துக் கரிசல் மண்ணை அள்ளிவந்து, சலித்து, பசையில் குழைத்துத் தேய்த்திருக்கிறாள். காய்ந்ததும் கோடை மாதத்துக் காடு மாதிரியே வெடிப்பு விட்டிருக்கிறது. வெடிப்பு விடாமல் இருக்க வழி எனக்குத் தெரியும். அது அவளுக்கும் தெரியும், வேண்டுமென்றே விட்டிருக்கிறாள். அந்தக் கோட்டை முழுக்க மண்தான். வெல்ஷ் சொல்லும் அளவு, நீளம் சுமார் 500 அடி, அகலம் 300 அடி, சுவர் உயரம் 12 அடி. சுற்றிலும் முள்வேலி, அகழி கிடையாது. அந்த மண்ணிலேயே அவரை வரைந்திருக்கிறாள்.

தலை இருக்க வேண்டிய இடத்தில் மேலிருந்து கீழாக நீளமாக ஒரு காவி மஞ்சள் பட்டை. ஒல்லியான ஆள் என்பதற்கு அது போதும். கண் இல்லை, மீசை இல்லை. வாய் இருக்க வேண்டிய இடத்தில் கத்தியால் சுரண்டி, கரிசலையும் காவியையும் எடுத்து, கித்தான் துணி தெரியும்படி விட்டிருக்கிறாள். கிட்டப் போய்ப் பார்த்தால் துணியின் நெசவு தெரியும். அந்த நெசவின் மேல் இடமிருந்து வலமாக மிக லேசாக ஒரு வெள்ளைத் தேய்ப்பு. அதுதான் சீறல் சத்தம் என்று எனக்குப் படுகிறது. அவளிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளவில்லை.

படத்தின் கீழ்ப்பாதி முழுவதும் இடது உள்ளங்கை. முகத்தைவிட மூன்று மடங்கு பெரிது. ரேகைகளை வரையவில்லை. ஈரமாக இருந்தபோதே ஈர்க்குச்சியால் கீறியிருக்கிறாள். அதன் மேல் துரும்புகளை நிஜமாகவே ஒட்டியிருக்கிறாள். முதலில் வைக்கோல்தான் ஒட்டியிருந்தாள். எங்கள் பக்கம் தாமிரபரணிப் பாசனம், அறுத்த வயலில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. “கரிசக்காட்டுல வைக்கோல் எப்படிம்மா வரும்? கம்பும் சோளமும்லா வெளையும்” என்றேன். மறுவாரமே வைக்கோலைப் பிய்த்துவிட்டுக் கம்பந்தாள் சீவலை ஒட்டினாள். ஒவ்வொரு துரும்பின் நுனியிலும் பொட்டு அளவு சிவப்பு. கம்பெனிப் பட்டாளத்துச் சட்டை நிறம்.

வலது கை கையாகவே இல்லை. தட்டைப் பிரஷை வெள்ளையில் தோய்த்து, பாதி துடைத்துவிட்டு, வலது மூலையிலிருந்து இடது பக்கம் ஒரே இழுப்பு. தொடங்குகிற இடத்தில் பெயிண்ட் அடர்த்தியாக இருக்கிறது, உள்ளங்கையைத் தாண்டும்போது பிரஷின் மயிர்க்கோடுகள் தனித்தனியாகப் பிரிகின்றன. பெரிய எழுத்துக்கு வளைவு இழுக்கிற எவருக்கும் தெரியும், நடுவில் மூச்சு விட்டால் அந்தக் கோடு கெட்டுவிடும். நாலு அடிப் படத்தில் தோள் மூட்டிலிருந்து கை சுழன்றால் ஒழிய அந்த இழுப்பு வராது. தட்டிவிடும் கையை வரைய அவளும் தட்டிவிட வேண்டியிருந்திருக்கிறது. என் கண்ணுக்கு இந்தப் படத்தில் மிகவும் உயர்ந்த இடம் அதுதான்.

இந்த மாதிரி வரைவது நம் நாட்டுக்குப் புதிதும் இல்லை. ஓவியர் ஆதிமூலம் அறுபதுகளிலிருந்தே கோட்டோவியத்தில் ராஜாக்களைப் போட்டுக் காட்டினார். தலைப்பாகையும் நகையும் கோட்டுக் கிறுக்கலில் கரைந்து, ராஜா பாதி மறைந்து நிற்பார். 1969இல் காந்தி நூற்றாண்டுக்கு நூறு காந்தி வரைந்தார், சிலவற்றில் நாலைந்து கோடுதான் காந்தி. அவர் போட்ட அட்டைப்படங்களுக்காகவே சில புத்தகங்களை வாங்கி, கடையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த காலம் உண்டு. இரண்டு கோட்டில் ஆளைக் கொண்டுவருவது சாரத்தில் ஏறி நிற்பதைவிடச் சிரமமான வேலை.

படத்தின் வலது ஓரத்தில் கீழே ஒரு வெள்ளைச் சதுரம் இருக்கிறது. அதில் மங்கிய சிவப்புப் புள்ளிகள், ஒரு மூலையில் வேப்பிலைப் பச்சை. பள்ளிக்கூடத்தில் ஒருவர் இதைக் காட்டி, “பெயிண்ட் தெறிச்சிருக்கே” என்றாராம். தெறித்தது இல்லை அது. ஊமைத்துரையின் கதையில் பாதி அதற்குள் இருக்கிறது.

1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். தம்பி ஊமைத்துரையையும் மற்றவர்களையும் இங்கே பாளையங்கோட்டைக் கோட்டையில் அடைத்தார்கள். அந்தக் கோட்டையின் மிச்சம்தான் இன்று மேடை போலீஸ் ஸ்டேஷன் என்று நாம் சொல்கிற கட்டடம், தினமும் அதைத் தாண்டித்தான் மார்க்கெட்டுக்குப் போகிறோம். கைதிகளுக்கு அம்மை கண்டது. அதனால் விலங்கைக் கழற்றியிருந்தார்கள். 1801 பிப்ரவரி 2ஆம் தேதி, கம்பெனிப் படையின் மேஜர் மெக்காலே வீட்டில் துரைமார் விருந்தில் இருந்த நேரம், விறகுக்கட்டு விற்கிறவர்கள் வேஷத்தில் நம் ஆட்கள் உள்ளே வந்தார்கள். காவலை மடக்கி, சிறையிலிருந்தவர்கள் வெளியேறிவிட்டார்கள். படை திரட்டி மெக்காலே பாஞ்சாலங்குறிச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது, இடித்துத் தரைமட்டமாக்கியிருந்த கோட்டை திரும்ப எழுந்து நின்றது. ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மார்ச் 31இல் பெரிய தாக்குதல் நடத்தி, ஏற முடியாமல் ஏராளமான பேரைப் பறிகொடுத்துத் திரும்பினார்கள். கர்னல் அக்னியூ கூடுதல் படையும் பீரங்கியும் கொண்டுவந்த பிறகு, மே 24இல்தான் கோட்டை விழுந்தது.

அன்று ஊமைத்துரை காயம்பட்டுக் களத்தில் கிடந்தார். தன் மகனைத் தேடி ஒரு தாய் பிணங்களுக்கு நடுவே வந்தாள். மகனுக்கு உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. தூக்கப் போனவளிடம் அவன், என்னை விடு, பக்கத்தில் சாமி அடிபட்டுக் கிடக்கிறார், அவரைக் காப்பாற்று என்றான். அவள் ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போனாள். கம்பெனி பக்கம் நின்று அவரைத் தேடி வந்த எட்டயபுரத்து ஆட்கள் வாசலுக்கு வந்தபோது, அவர் மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தி, பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஒப்பாரி வைத்தார்கள். அம்மையில் செத்த பையன் என்று சொன்னதும் வந்தவர்கள் கிட்ட வராமல் திரும்பிவிட்டார்கள். இதையும் வெல்ஷ்தான் எழுதியிருக்கிறான். சிறையிலிருந்து வெளியே வர வழிவிட்டதும் அம்மை, களத்திலிருந்து உயிரோடு தப்ப வைத்ததும் அம்மை. எங்கள் பக்கத்துப் பெண்களிடம் இதைச் சொன்னால் ஆச்சரியப்பட மாட்டார்கள், முத்துமாரி காப்பாற்றினாள் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். என் தங்கச்சி அப்படித்தான் செய்தாள்.

அந்தத் தாயின் பெயர் வெல்ஷின் எழுத்தில் இல்லை, சாகும்போது தன்னை விடச் சொன்ன மகனின் பெயரும் இல்லை. படத்தில் அந்தச் சதுரத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக வைத்திருக்கலாம் என்பது மட்டும் என் குறை. ஓரத்தில் ஒதுக்கிவிட்டாள். அந்தத் தாய்க்கு இன்னும் இடம் கொடுத்திருக்க வேண்டும். “தனியா இன்னொன்னு போடுதேன் மாமா” என்று சொல்லியிருக்கிறாள். போடட்டும்.

தப்பியவர் சிறுவயலுக்கு, மருது சகோதரர்களிடம் போய்ச் சேர்ந்தார். அந்தப் போரும் தோற்றது. அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் மருதிருவரைத் தூக்கிலிட்டார்கள். ஊமைத்துரையைப் பிடித்துக்கொண்டுவந்து நவம்பர் 16இல் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிட்டார்கள். கோட்டையை இடித்து, உழுது, ஆமணக்கு விதைத்தார்கள் என்று சொல்வார்கள். இப்போது குறுக்குச்சாலை வழியாகப் போனால் தெரிகிற கோட்டை, 1974இல் அரசாங்கம் கட்டிய நினைவுக் கோட்டை.

பள்ளிக்கூடத்தில் அவர்கள் சொன்ன காரணத்தையும் யோசித்துப் பார்த்தேன். பிள்ளைகளுக்குப் புரியாது என்றார்களாம். என் கடைக்கு எதிர்வீட்டுப் பையன் ஆறாம் வகுப்பு. படம் வந்த அன்று சாயந்திரம் வந்து நின்றான். மூஞ்சியைப் பற்றி அவன் கேட்கவே இல்லை. “கையில என்ன தாத்தா குச்சி?” என்று கேட்டான். சொன்னேன். உடனே கீழே கிடந்த ஈர்க்குச்சியை ஒடித்துத் தன் கையில் அடுக்கி, உஷ் என்று தட்டிவிட்டுப் பார்த்தான். திரும்பத் திரும்பச் செய்தான். நான் எழுதிய எந்தக் கட்டபொம்மன் முன்னாலும் ஒரு பிள்ளை இப்படி நின்று நான் பார்த்ததில்லை. மீசை வைத்த முகத்தைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும். இந்தக் கையைப் பார்த்தால் அந்த மனுஷன் எப்படி யோசித்தார் என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. பேச்சு வராத ஒருவர் ஒரு சீமையையே எப்படி நடத்தினார் என்பதற்கு இதைவிட நேரான படம் ஒன்றை என்னால் யோசிக்க முடியவில்லை.

கண் திறக்காத படத்தைக் கொடுக்கக் கூடாது என்ற சட்டத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன். சாமி படத்துக்கும், செத்துப்போனவர்களின் படத்துக்கும் அதுதான் சரி. இந்தப் படத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. எந்தக் கண்ணை வைத்திருந்தாலும் அது வேறு யாரோ ஒருவருடைய கண்ணாகத்தான் இருந்திருக்கும்.

விலைக்கு இரண்டு பேர் கேட்டார்கள். வீட்டு வரவேற்பறைக்கு வேண்டுமாம். அவள் கொடுக்கவில்லை. ஓட்டப்பிடாரம், குறுக்குச்சாலை பக்கத்தில் பள்ளிக்கூடமோ நூலகமோ கேட்டால் சும்மாவே தருகிறேன் என்கிறாள். அப்படி யாருக்காவது மாட்ட இடம் இருந்தால் தெரிவியுங்கள். மழைத்தண்ணீர் இறங்காத சுவராக இருக்க வேண்டும், கரிசல் பூச்சு ஈரம் தாங்காது. அதுவரை படம் என் கடையில்தான் இருக்கும். பார்க்க வருகிறவர்கள் காலை பத்து மணிக்குள் வந்துவிடுங்கள். அப்போது கிழக்கு வெளிச்சம் சாய்வாக விழும், துரும்புகளின் நிழல் உள்ளங்கையில் தெரியும். விரலால் மட்டும் தொட வேண்டாம், கம்பந்தாள் உதிர்கிறது.